எஸ்டேட்: ஜாசின் வரை வந்த ஒரு சொல்

'எஸ்டேட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் நிலத்தோடு உறவே இல்லை. இலத்தீனில் 'ஸ்டேட்டஸ்' என்றால் நிற்கும் நிலை. அது பழைய பிரெஞ்சு மொழி வழியாக 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது அது ஒருவரின் நிலைமையையும் சமூகத் தகுதியையும் குறித்தது. குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் ஆகிய மூன்று வகுப்பாரும் மூன்று 'எஸ்டேட்'டுகள் எனப்பட்டனர். பத்திரிகையை நான்காவது தூண் என்கிறோம்; ஆங்கிலத்தில் அது நான்காவது 'எஸ்டேட்'.

நிலத்தோடு இச்சொல்லைச் சேர்த்தது சட்டம். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் நிலம் முழுவதும் மன்னருடையது என்றாயிற்று. மற்றவர்களிடம் இருந்தது நிலத்தின் மீதான உரிமை மட்டுமே: ஆயுள்வரை ஒரு வகை, வாரிசு உள்ளவரை இன்னொரு வகை. அந்த உரிமையின் பெயர் நாளடைவில் நிலத்துக்கே ஆகிவந்தது. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தும் 'எஸ்டேட்' ஆனது. மேற்கிந்தியத் தீவுகளில் அது கரும்புத் தோட்டம். இலங்கையில் காப்பித் தோட்டம், பிறகு தேயிலைத் தோட்டம்.

மலாக்காவில் அது ரப்பர் தோட்டமாயிற்று. மலாக்கா வணிகர் டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சிறிய அளவில் ரப்பர் பயிரிட்டார். அடுத்து ஜாசின் மாவட்டத்து புக்கிட் அசகானில் பெரிய தோட்டத்தைத் தொடங்கினார். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்ட முதல் முயற்சிகள் இவை. பிற்காலப் புள்ளிவிவரங்களில் 100 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள நிலமே 'எஸ்டேட்', குறைந்தால் சிறுதோட்டம்.

கங்காணிகள் திரட்டிவந்த தமிழர்கள் இதைத் தோட்டம் என்றும் எஸ்டேட்டு என்றும் வழங்கினார்கள். அவர்கள் வாயில் பொருள் மிகவும் விரிந்தது. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, எல்லாம் அதற்குள் அடங்கின. இன்றும் மலேசியத் தமிழர் ஒருவர் மற்றவரை "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டால், அது சொந்த ஊரைக் கேட்பதாகும். சட்டத்தில் நில உரிமையைக் குறித்த சொல், ஒரு குழி நிலம்கூட உரிமையில்லாத மக்களுக்கு ஊரின் பெயராக அமைந்தது. இந்த முரண் வேதனையானது. லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது.

1950களில் ஆங்கிலேய நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்றார்கள். 'துண்டாடல்' என்ற சொல் தோட்டத் தமிழில் அச்சத்தோடு ஒலித்தது அப்போதுதான். வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோகும் நிலை. அதைத் தடுக்க அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர்களின் சிறுசிறு பங்குப் பணத்தைக் கொண்டு சங்கம் தோட்டங்களை வாங்கியது. சட்டம் சொன்ன பொருளில் 'எஸ்டேட்' தமிழ்த் தொழிலாளருக்கு ஓரளவேனும் வாய்த்தது இந்த வழியில்தான்.

இன்று ஜாசின் வட்டாரத்தில் ரப்பர் இருந்த இடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. ஆங்கிலம் 'ஹவுசிங் எஸ்டேட்' என்னும் குடியிருப்புக்கு மலேசியாவில் 'தாமான்' என்று பெயர். மலாயில் தோட்டம் 'லாடாங்'. தோட்டங்களில் பிறந்த பல தமிழ்ப்பள்ளிகள் அச்சொல்லை இன்னும் தம் பெயரில் கொண்டுள்ளன.