மாருத்: எஞ்சின் வாய்க்காத விமானம்

இந்திய விமானப்படையின் வரலாறு பெரும்பாலும் வேம்பயர், ஹண்டர், நேட், மிக்-21, ஜாகுவார், சுகோய் என்று விமானங்களின் பெயர் வரிசையாகவே எழுதப்படுகிறது. அவ்வரிசையில் எச்.எஃப்-24 மாருத்துக்கு ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. அவையும் ‘தோல்வியுற்ற முதல் முயற்சி’ என்ற தீர்ப்புடன் முடிந்துவிடுகின்றன. தோற்றது எது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை.

ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் 1956இல் பெங்களூரின் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்துக்கு வந்தார். அவர் ஃபோக்க-வுல்ஃப் 190 விமானத்தை உருவாக்கியவர். போருக்குப் பின் அர்ஜென்டினாவில் பணிபுரிந்து, பெரோன் ஆட்சி கவிழ்ந்ததும் அங்கிருந்து விலகியவர். அதுவரை அந்நிறுவனத்தின் சொந்த வடிவமைப்புகளுள் முதன்மையானது வி.எம். காட்கேயின் குழு உருவாக்கிய எச்.டி-2 பயிற்சி விமானம். விசிறி பொருத்திய அந்த எளிய விமானத்திலிருந்து, ஒலியைப் போல் இருமடங்கு வேகங்கொண்ட ஜெட் போர் விமானத்துக்கு ஒரே தாவலில் செல்வதே இலக்காக இருந்தது. முதலில் முழு அளவில் மரத்தாலான கிளைடர் ஒன்று செய்யப்பட்டது. 1959இல் அதை டகோட்டா விமானம் இழுத்துச் செல்ல, வானில் சோதித்தனர். 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் முதல் மாருத்தை ஓட்டினார். வடிவமைப்பைப் பொறுத்தவரை இது தோல்வியின் கதையன்று.

சிக்கல் எஞ்சினில் இருந்தது. பின்னெரிப்பு வசதியுடன் பிரிட்டனில் உருவாகிவந்த ஆர்ஃபியஸ் 12 எஞ்சினை எண்ணியே மாருத் வரையப்பட்டது. அத்திட்டத்துக்கான மேலைநாட்டு ஆதரவு விலகியபோது, மேம்பாட்டுச் செலவை இந்தியா ஏற்க வேண்டும் என்ற நிலை வந்தது; அரசு மறுத்தது. 1957-58இன் அந்நியச் செலாவணி நெருக்கடியை நினைவிற்கொண்டால் அம்மறுப்பைப் புரிந்துகொள்ள இயலும். எனினும் விமானத்தின் விதி அங்கேயே எழுதப்பட்டுவிட்டது எனலாம். நேட் விமானத்துக்காகப் பெங்களூரில் உரிமம் பெற்று ஆர்ஃபியஸ் ஏற்கெனவே தயாராகிவந்ததால், பின்னெரிப்பற்ற ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள் இரண்டு பொருத்தப்பட்டன. இருமடங்கு ஒலிவேகத்துக்கு வரையப்பட்ட உடல் ஒலியின் வேகத்தைத் தொடவே திணறியது.

மாற்று எஞ்சினைத் தேடிய முயற்சிகள் தனி நூலுக்கு உரியவை. சோவியத் எஞ்சின் ஒன்று ஆராயப்பட்டுக் கைவிடப்பட்டது. எகிப்தில் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் உருவாக்கிய இ-300 எஞ்சினைப் பொருத்திய மாருத் ஒன்று 1967இல் அந்நாட்டில் பறந்தது. அணிசேரா நாடுகள் இரண்டு, ஜெர்மானிய, ஆஸ்திரிய வல்லுநர்களைக் கொண்டு போர் விமானம் செய்ய முயன்ற அந்த விசித்திரமான கூட்டுறவு அறுபதுகளின் இறுதியில் கரைந்துபோனது. பெங்களூரிலேயே எரிவாயுச் சுழலி ஆய்வு நிறுவனம் ஆர்ஃபியஸுக்குப் பின்னெரிப்பு அமைப்பை உருவாக்கியது. அதைப் பொருத்திய முன்மாதிரியை ஓட்டியபோது, 1970 ஜனவரி 10 அன்று சுரஞ்சன் தாஸ் விபத்தில் இறந்தார். எச்.ஏ.எல். வளாகத்தை ஒட்டிய சாலை இன்று அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

இதற்கிடையே 1962இல் மிக்-21 தேர்வு செய்யப்பட்டது. உடல் நாசிக்கிலும் எஞ்சின் கோராபுட்டிலும் தயாராயின. எஞ்சின் சிக்கலுக்கு இதுவும் ஒரு விடைதான். ஆனால் வடிவமைக்கக் கற்பதற்குப் பதில், பிறர் வடிவமைத்ததைச் செய்யக் கற்பதே அவ்விடையாக இருந்தது. அவ்விரண்டும் ஒன்றெனக் கருதியதே அக்காலத் திட்டமிடலின் பெரும்பிழை.

பயிற்சி வகையையும் சேர்த்து மாருத் 147 மட்டுமே கட்டப்பட்டது. 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் தரைத்தாக்குதலுக்கு அவை பயன்பட்டன. ஓர் எஞ்சின் செயலிழந்த பின்னும் மற்றொன்றின் துணையால் தளம் திரும்பியவையும் உண்டு. தாழப் பறக்கையில் அதன் நிலைத்தன்மையை விமானிகள் பெரிதும் மதித்தனர். இப்பணிக்காக வரையப்படாத விமானம் இப்பணியில் சிறந்தது என்பதை ‘தோல்வி’ என்னும் ஒற்றைச் சொல் மறைத்துவிடுகிறது.

1983இல் இலகு போர் விமானத் திட்டம் ஒப்புதல் பெற்றது. அதற்கான காவேரி எஞ்சினை உருவாக்கும் பணி, மாருத்துக்குப் பின்னெரிப்பு செய்த அதே நிறுவனத்திடம் வந்தது. 2001 ஜனவரி 4 அன்று அவ்விமானம் முதன்முதலாகப் பறந்தபோது உள்ளே இருந்தது அமெரிக்காவின் எஃப்-404. 2008இல் காவேரி அத்திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2021இல் ஒப்பந்தமான 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களும், உடல்கள் தயாரான பின், அதே அமெரிக்க எஞ்சினுக்காகக் காத்துக் கிடந்தன.