220-இலிருந்து வயதைக் கழித்தல்: ஜொகூர் தமிழ்ப்பள்ளிச் சிறுவரின் நாடித்துடிப்பும் ஒரு சூத்திரத்தின் மூலமும்

மலேசியப் பள்ளிகளில் 2008 முதல் நடைமுறையிலுள்ள செகாக் என்னும் தேசிய உடற்தகுதித் தேர்வில், நான்காம் ஆண்டு முதற்கொண்டு மாணவர்கள் மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்கித் தம் நாடியை எண்ணிப் பதிவு செய்கின்றனர்; ஆகவே குளுவாங்கிலோ சிகாமட்டிலோ தமிழ்ப்பள்ளியில் பயிலும் பத்து வயதுச் சிறுவர்க்கு இதயத்துடிப்பு வெறும் பாடநூற் செய்தியன்று. அந்த எண்ணை எவ்வாறு விளக்குவது என்பதில்தான் கருத்து வேறுபாடு எழுகிறது. உச்சத்துடிப்பு, அதாவது முழு மூச்சாக உழைக்கும்போது இதயம் ஒரு நிமிடத்தில் எட்டக்கூடிய மிக உயர்ந்த துடிப்பெண், 220-இலிருந்து வயதைக் கழித்தால் கிடைக்கும் என்றும், அதில் 60 முதல் 80 விழுக்காடு வரையிலான பகுதியே பயிற்சிக்கு உகந்தது என்றும் கொள்ளும் ஆய்வுப்போக்கு, இச்சூத்திரம் சிறுவர்க்கும் தோராயமாகப் பொருந்தும் என்கிறது. சூத்திரத்தின் மூலத்தை மறுபடி படிப்போர்க்கு இந்நம்பிக்கை எளிதில் வாய்க்காது.

அம்மூலமாகப் பொதுவாகச் சுட்டப்படுவது, இதயநாள நோயைத் தடுப்பதில் உடலுழைப்பின் பங்கு குறித்து ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கல் ஆகிய மூவர் 1971-இல் வெளியிட்ட மீளாய்வுக் கட்டுரை. அதன் அக்கறை வளர்ந்தோரின் நோய் பற்றியது. பிறர் திரட்டிய ஏறத்தாழப் பத்துப் பதினோரு தரவுத் தொகுதிகளை ஒரே வரைபடத்தில் இட்டு, அவற்றினூடே கண்ணளவில் பொருந்துவதாகத் தோன்றிய ஒரு கோட்டையே அது தந்தது. 2002-இல் இவ்வரலாற்றைத் துருவிய ராபர்க்ஸும் லாண்ட்வேரும், சூத்திரத்துக்கு அடிப்படையான மூல ஆய்வு எதுவும் இல்லை எனக் கண்டதோடு, அதே புள்ளிகளுக்கு முறையான புள்ளியியற் கோடு வரைந்தபோது 215.4-இலிருந்து வயதின் 0.91 மடங்கைக் கழிக்கும் சமன்பாடே கிடைத்தது என்றும், அதன் திட்டப்பிழை நிமிடத்துக்கு 21 துடிப்பு என்றும் காட்டினர். 351 ஆய்வுகளைத் தொகுத்துத் தனாக்கா குழுவினர் 2001-இல் முன்வைத்த சமன்பாட்டில் ஆண்டொன்றுக்கான சரிவு இன்னும் குறைந்து 0.7 ஆகிறது, அதுவும் வளர்ந்தோர்க்குரியதே.

சிறுவர் விஷயத்தில் சிக்கல் சரிவின் அளவில் இல்லை, சரிவு உண்டு என்னும் எண்ணத்திலேயே இருக்கிறது. ஓடுபொறியில் அளக்கப்பட்ட சிறுவரின் உச்சத்துடிப்பு, தொடக்கப்பள்ளிப் பருவத்திலிருந்து பதின்ம வயதின் நடுப்பகுதி வரை 200-ஐ ஒட்டியே, பெரிய மாற்றமின்றி நிற்கிறது. சூத்திரமோ அது ஆண்டுதோறும் ஒரு துடிப்பு குறைகிறது என்று கற்பிக்கிறது. பத்து வயதுக்கு அது தரும் பயிற்சி எல்லை 126 முதல் 168. 200-ஐ அடிப்படையாகக் கொண்டால் 120 முதல் 160. வேறுபாடு சிறிதுதானே என்னும் மறுப்பு எண்ணளவில் உண்மைதான். ஆனால் நலமான இரு சிறுவரின் உச்சத்துடிப்பே ஒன்றுக்கொன்று 20 துடிப்பு வேறுபடக்கூடும் என்பதையும், பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கும் மாணவர் ஒரு துடிப்பைத் தவறவிட்டால் நான்கு குறையும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எந்த எல்லையையும் குறிப்பிட்ட ஒரு சிறுவருக்கு விதியாக்க இயலாது என்பதே பெறப்படும். சூத்திரத்தைக் கணக்குப் பாடத்தோடு இணைக்க எளிது என்னும் வாதத்தில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. கழித்தல் பழக வேறு எண்கள் ஏராளம்.

பலகைச் சோதனையின் எண்ணையும் இதே எச்சரிக்கையோடு அணுகுவது தகும். உழைப்பு நின்றதும் சிறுவரின் துடிப்பு வளர்ந்தோருடையதைவிட விரைவாகத் தணிகிறது. நாடியைத் தேடுவதில் கழியும் சில வினாடிகளே ஒருவரைத் தகுதி மிக்கவராகக் காட்டிவிடலாம். பலகையின் உயரம் எல்லார்க்கும் ஒன்றாயிருக்க, கால் நீண்டு, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் குருதியின் அளவு பெருகும்போது, பயிற்சியே இல்லாமலும் அதே ஏற்றத்துக்கு நாடி குறைகிறது. வயதுவாரி மதிப்பெண் அட்டவணை இதைச் சராசரியில் ஈடுசெய்யலாம். முன்னதாக வளர்ந்துவிட்ட ஐந்தாம் ஆண்டு மாணவியையும் இன்னும் வளராத அவளது வகுப்புத் தோழியையும் அது வேறுபடுத்தி அறியாது. வளர்ச்சியோடு வானிலையும் குறுக்கிடுகிறது: ஜொகூரின் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடலைத் தணிக்கத் தோலுக்கு மிகுதியான குருதி செல்ல, அதே உழைப்புக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. காலை எட்டு மணித் திடலில் எடுத்த எண்ணைப் பதினொரு மணித் திடலில் எடுத்த எண்ணோடு ஒப்பிட்டு, தேறிவிட்டதாகவோ தளர்ந்துவிட்டதாகவோ ஒரு மாணவரிடம் கூறுவது வானிலையை அவர் கணக்கில் எழுதுவதாகும்.

நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்போர்க்கு, அது நிர்வாகத்தின் தேவையே அன்றிக் கற்பித்தலின் தேவையன்று எனச் சுருக்கமாகக் கூறலாம். மாணவர் எண்ணிக்கை குறைந்த தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில், ஒவ்வொரு சிறுவரும் ஓய்வு நிலையிலும், ஏறி இறங்கிய உடனும், இரண்டு நிமிடம் கழித்தும் எண்ணிய துடிப்புகளைத் தம் முந்தைய பதிவோடு மட்டும் ஒப்பிடும் முறை நடைமுறைக்கு எட்டாததன்று. ஒப்பீடு பொருள்பட நேரமும் பலகையும் மாறாதிருக்க வேண்டும். உயரமும் உடன் பதிவாக வேண்டும். உடல்நிறைக் குறியீட்டைக் கணக்கிடச் செகாக்கில் உயரம் ஏற்கெனவே அளக்கப்படுவதால், இதற்கெனத் தனிக்கருவி எதுவும் தேவைப்படாது.