கேஸ் சிலிண்டரை எடை போட்டு வாங்குங்க.. காரைக்கால் மக்கள் தெரிஞ்சுக்க வேண்டிய விதிமுறைகள்

காரைக்கால்:

கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டில் ஒரு கேஸ் சிலிண்டர் ஒன்றிரண்டு நாள் சம்பளத்தை விழுங்கி விடுகிறது. அதில் ஒரு கிலோ குறைந்தால் அடுப்பு 2 நாள் முன்னதாகவே அணைந்து விடும். 'எடை போடச் சொன்னா அடுத்த சிலிண்டர் லேட்டாகுமோ' என்ற பயத்தில் பலர் கேட்பதே இல்லை. ஆனால் எடை போட்டுக் காட்டச் சொல்வது வாடிக்கையாளரின் உரிமை.

எந்த சட்டம்?

காரைக்காலுக்கு கிழக்கே கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. வாஞ்சூரைத் தாண்டினால் ரேஷன் கார்டு முதல் பல விஷயங்கள் மாறிவிடும். ஆனால் கேஸ் சட்டம் மாறாது. 1955-ம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2000-ம் ஆண்டு கொண்டு வந்த சமையல் எரிவாயு வினியோக ஒழுங்குமுறை ஆணைதான் நாடு முழுவதற்கும் பொது. காரைக்காலில் சோதனை நடத்தி நடவடிக்கை எடுக்கும் பொறுப்பு புதுச்சேரி அரசின் குடிமைப்பொருள் வழங்கல் துறைக்கு உண்டு.

எடை பார்ப்பது எப்படி?

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்க வேண்டும். காலி சிலிண்டரின் எடையை அதன் மேல் பகுதியிலேயே எழுதியிருப்பார்கள். அது 15.3 கிலோ என்றால் மொத்தம் 29.5 கிலோ வர வேண்டும். 150 கிராம் வரை வித்தியாசம் இருக்கலாம். அதற்கு மேல் குறைந்தாலோ, சீல் உடைந்திருந்தாலோ வாங்காமல் திருப்பி அனுப்பலாம். தராசு கொண்டு வர வேண்டியது டெலிவரி ஊழியர்தான்.

மேல் வளையத்தை ஒட்டிய பட்டையில் 'ஏ, பி, சி, டி' எழுத்தில் ஒன்றும், வருடமும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். 'பி 28' என்றிருந்தால் 2028 ஜூனுக்குள் அந்த சிலிண்டரை மறுபடி சோதனை செய்ய வேண்டும். தேதி முடிந்த சிலிண்டரை வாங்காதீர்கள்.

பில்லில் உள்ள தொகையிலேயே டெலிவரி கட்டணமும் சேர்ந்திருக்கிறது. அதற்கு மேல் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. புது இணைப்பு வாங்கும்போது ஏஜென்சியிலேயே அடுப்பு வாங்கணும் என்று வற்புறுத்தவும் கூடாது.

கடைக்காரர்கள் உஷார்

வீட்டு சிலிண்டரை டீக்கடை, டிபன் கடை, ஓட்டலில் வைப்பது குற்றம். திருநள்ளாறில் சனிக்கிழமை கூட்டத்துக்காக கடை போடுகிறவர்களுக்கும் இதே விதிதான். அதிகாரிகள் சிலிண்டரைப் பறிமுதல் செய்யலாம். வழக்கு நிரூபணமானால் 3 மாதம் முதல் 7 ஆண்டு வரை ஜெயில் தண்டனைக்கு சட்டத்தில் இடம் உண்டு. ஒரு சிலிண்டரில் இருந்து இன்னொன்றுக்கு கேஸ் மாற்றுவதும் குற்றம், உயிருக்கும் ஆபத்து.

வியாபாரத்துக்கு 19 கிலோ சிலிண்டர் இருக்கிறது. சின்ன கடைக்காரர்களும், வெளியூரில் இருந்து வேலைக்கு வந்தவர்களும் அடையாள அட்டையைக் காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம். முகவரி சான்று கேட்க மாட்டார்கள்.

மானியம்

2015 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் மானியம் வங்கிக் கணக்குக்கு மாறியது. 2020-க்குப் பிறகு பெரும்பாலான சாதாரண இணைப்புகளுக்கு அது நின்று போனது. உஜ்வாலா இணைப்புக்கு 2022-ல் 200 ரூபாயும், 2023-ல் அதை உயர்த்தி 300 ரூபாயும் மத்திய அரசு அறிவித்தது. 2023-ல் புதுச்சேரி அரசும் சிவப்பு கார்டுக்கு 300, மஞ்சள் கார்டுக்கு 150 ரூபாய் என்று அறிவித்தது.

யாரிடம் புகார் செய்வது?

முதலில் ஏஜென்சியில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். தீர்வு இல்லையென்றால் எண்ணெய் நிறுவனங்களின் இலவச எண் 1800 2333 555-க்கோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கோ பேசலாம். குடிமைப்பொருள் துறையிலும், கலெக்டர் அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம்.

கேஸ் கசிந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். லைட், பேன் சுவிட்சைத் தொடாதீர்கள். வெளியே வந்த பிறகு 1906-க்கு போன் செய்யுங்கள்.