பதினாறாயிரம் பேர்

தீபாவளி விடுமுறைக்கு முந்தைய கடைசி வகுப்பு. மாணவிகளில் பாதிப்பேர் ஏற்கெனவே ஊருக்குப் பேருந்து ஏறிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களுக்குப் பாடம் நடத்த எனக்கும் மனமில்லை. பேச்சு நரகாசுரன் கதைக்குப் போயிற்று. எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. பூமாதேவியின் மகன், தாயின் கையால் மட்டுமே சாவு என்று வரம் வாங்கியவன், பதினாறாயிரம் பெண்களைச் சிறைபிடித்தவன். பூமாதேவியே சத்தியபாமாவாகப் பிறந்து அவனை அம்பெய்து கொல்கிறாள். சாகிற நேரத்தில், தான் இறந்த நாளை ஊர் கொண்டாட வேண்டும் என்று கேட்கிறான். சொல்லி முடித்ததும் பின்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: “அந்தப் பதினாறாயிரம் பேரும் அப்புறம் வீட்டுக்குப் போயிட்டாங்களா மேடம்?”

“இல்லை, கண்ணன் அவர்களைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார்” என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. “எல்லாரையுமா? அவங்க அம்மா அப்பா தேடியிருக்க மாட்டாங்களா?”

மணி அடித்துவிட்டது. பதில் சொல்லாமல் தப்பித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இருபது வருடங்களாகத் தமிழ் கற்பிக்கிறேன். அசுரன் யார், தேவன் யார் என்று எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெண்கள் எங்கே போனார்கள் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை. விடுமுறையில் புத்தகங்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

விஷ்ணு புராணத்தின் ஐந்தாம் அம்சம் இந்தக் கதையை விரிவாகச் சொல்கிறது. நரகன் செய்த குற்றங்களை இந்திரன் வந்து முறையிடுகிறான். வருணனின் குடையைப் பறித்தான், மந்தர மலையின் மணிச்சிகரத்தைப் பெயர்த்துப் போனான், தேவர்களின் தாய் அதிதியின் குண்டலங்களைக் கவர்ந்தான், கன்னிப்பெண்களைக் கொண்டுபோய் அடைத்துவைத்தான். கண்ணன் போய்ச் சக்கரத்தால் அவனைப் பிளக்கிறான். பிறகு அந்தப்புரத்தைத் திறந்து பார்க்கிறான். உள்ளே 16,100 பெண்கள். அடுத்து, நாலு தந்தமுள்ள யானைகள் 6,000. அடுத்து, காம்போஜக் குதிரைகள் 21 லட்சம். அத்தனையும் துவாரகைக்கு அனுப்பப்படுகின்றன, நரகனின் வேலையாட்கள் பொறுப்பிலேயே. சிறைக்குக் காவல் நின்றவர்களே வழிக்கும் காவல்.

பெண்கள், யானைகள், குதிரைகள் என்று போகிற இந்தப் பட்டியலின் நடை எனக்குப் புதிதல்ல. மெய்க்கீர்த்தி படித்த யாருக்கும் புதிதாக இருக்காது. சோழர் கல்வெட்டுகள் வெற்றியைச் சொல்லும் முறை இதுவேதான்: இன்ன நாட்டை வென்று, முடியையும் யானைகளையும் பொற்குவியலையும் பெண்டிர் கூட்டத்தையும் கைக்கொண்டது. முதலாம் இராஜாதிராஜனின் மெய்க்கீர்த்தி, ஈழத்துப் போரில் பகையரசனின் தாயினுடைய மூக்கை அறுத்ததையும் பெருமையாகவே பொறித்துவைத்திருக்கிறது. பிடித்துவரப்பட்ட பெண்கள் பலர் ‘வேளம்’ எனப்பட்ட அரண்மனைப் பணிமகளிர் குடியிருப்புகளில் சேர்க்கப்பட்டார்கள். சோழர் தலைநகர்களில் இத்தகைய வேளங்கள் இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. வரலாற்றாய்வாளர் தாவூத் அலி இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் கடைதிறப்பு என்ற பகுதி வருகிறதல்லவா, அதில் வாசலைத் திறக்கச் சொல்லி அழைக்கப்படும் அழகிகளில் பாண்டியர் தோற்று ஓடியபோது வேளம் புகுந்த பெண்களும் உண்டு. முதுகலையில் அந்தப் பகுதியை எங்களுக்குச் சிருங்காரச் சுவைக்கு எடுத்துக்காட்டாக நடத்தினார்கள். நானும் பல வருடம் அப்படியே நடத்தியிருக்கிறேன். ஊரை இழந்து, ஆளை இழந்து, அந்நிய அரண்மனையில் கதவடைத்துக்கொண்டிருக்கும் ஒருத்தியிடம் ‘ஊடல் போதும், கதவைத் திற’ என்று பாடப்படுகிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

புராணமும் மெய்க்கீர்த்தியும் ஒரே ரகம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்று பக்தி நூல், மற்றது அரசாணை. வென்றவன் பெறுவதில் பெண்ணும் ஒன்று என்ற கணக்கு மட்டும் இரண்டிலும் மாறவில்லை.

தீபாவளியை மறுத்தவர்களும் இந்தக் கணக்கைப் பெரிதாகக் கிளறவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. அயோத்திதாசர் இந்த நாளை நல்லெண்ணெயோடும் நீராடலோடும் சேர்த்துப் பௌத்தப் பண்டிகையாக விளக்கினார். மயிலை சீனி. வேங்கடசாமி, மகாவீரர் வீடுபேறு அடைந்ததை நினைந்து சமணர் விளக்கேற்றிய நாள் என்றார். பெரியாரும் திராவிட இயக்கமும் நரகாசுரனைத் திராவிடனாகப் படித்து, நம்மவன் செத்ததற்கு நாமே புத்தாடை உடுத்துவதா என்று கேட்டார்கள். பூமிக்கும் பன்றிக்கும் எப்படிப் பிள்ளை பிறக்கும் என்ற கேள்வியும் வந்தது. எல்லாம் அவசியமான கேள்விகள்; அவை இல்லாவிட்டால் என் போன்றவள் கல்லூரி வாசலை மிதித்திருக்க முடியாது. ஆனாலும் வழக்கு கண்ணனுக்கும் நரகனுக்கும் இடையில்தான் நடந்தது. சாட்சிக்கூண்டில் ஒரு பெண்ணையும் ஏற்றவில்லை.

நரகனுக்கு வேறொரு வாழ்க்கையும் உண்டு. அவன் ஆண்டதாகச் சொல்லப்படும் பிராக்ஜோதிஷம் இன்றைய அசாமின் குவாஹாட்டிப் பக்கம். ஏழாம் நூற்றாண்டில் அங்கே ஆண்ட பாஸ்கரவர்மன், ஹர்ஷரின் நண்பன், யுவான் சுவாங்கை வரவேற்றவன், தன் நிதான்பூர்ச் செப்பேட்டில் தன் வம்சத்தை நரகனிடமிருந்தே தொடங்குகிறான். நரகன், அவன் மகன் பகதத்தன், பிறகு வஜ்ரதத்தன் என்று வரிசை போகிறது. அவனுக்குப் பின் வந்த காமரூப அரச மரபுகளும் அதே மூதாதையைச் சொல்லிக்கொண்டன. ஆக, இங்கே வெடிவைத்துக் கொண்டாடப்படும் சாவு அங்கே ஒரு குலமுதல்வனின் சாவு.

அங்கும் ஒரு பெண் கதை இருக்கிறது. நரகன் காமாக்யா தேவியையே மணக்க ஆசைப்பட்டானாம். ஒரே இரவில் நீலாசல மலையின் அடியிலிருந்து கோயில்வரை படிக்கட்டு கட்டினால் சம்மதம் என்றாள் தேவி. அவன் முடிக்கும் தறுவாயில், விடியும் முன்பே சேவலைக் கூவ வைத்துவிட்டாள். படிக்கட்டு அரைகுறையாக நின்றது. மலையேறுகிறவர்களுக்கு அந்தப் பழைய கல்பாதையை இன்றும் காட்டுகிறார்கள். தேவிக்கே ‘மாட்டேன்’ என்று நேராகச் சொல்ல முடியவில்லை, ஒரு சேவலைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்திருக்கிறது.

அம்மாவுக்கு வருகிறேன். நம் வழக்கில் பூமாதேவிதான் மகனைக் கொன்று, அந்த நாளைப் பண்டிகையாக்கவும் ஒப்புகிறாள். உலக நன்மைக்காகப் பெற்ற பிள்ளையையே பலிகொடுத்த உத்தமி என்று ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் யாராவது நெகிழ்ந்து பேசுவார்கள். விஷ்ணு புராணத்திலும் பாகவதத்திலும் அவள் கொல்லவில்லை. பண்டிகை வரமும் அவற்றில் இல்லை. பாகவதத்தில் சத்தியபாமா கருடன்மேல் கண்ணனோடு போகிறாள், அவ்வளவுதான். வில்லெடுத்து நரகனோடு பொருதும் சத்தியபாமாவைப் பதினைந்தாம் நூற்றாண்டில் போத்தனா தெலுங்கில் பாடிய பாகவதத்தில் பார்க்கலாம். ஒரு பக்கம் கணவனுக்குக் காதல் முகம், மறுபக்கம் பகைவனுக்குச் சினமுகம். அங்கேயும் கடைசி அடி கண்ணனின் சக்கரம்தான்.

விஷ்ணு புராணத்து பூமி என்ன செய்கிறாள் என்றால், குண்டலங்களைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். கொடுத்துக்கொண்டே பேசுகிறாள். பன்றி உருவில் என்னைத் தூக்கியபோது உன் தீண்டலால் எனக்குப் பிறந்தவன் இவன் என்கிறாள். தந்ததும் நீ, வீழ்த்தியதும் நீ என்கிறாள். உரைகாரர்கள் இதைத் துதி என்பார்கள். எனக்கு அது தகப்பனைப் பார்த்துத் தாய் பேசுகிற பேச்சாகத்தான் கேட்கிறது. பாகவதத்தில் அவள் பேரன் பகதத்தனை முன்னே நிறுத்தி, பயந்துபோயிருக்கும் இந்தப் பிள்ளையின் தலையில் கைவை என்று வேண்டுகிறாள். மகன் பிணம் கிடக்கிறது. பேரனையாவது காப்பாற்ற வேண்டும். தோற்ற வீட்டுக் கிழவி வேறு எப்படிப் பேசுவாள்?

அந்தப் பிள்ளையின் தலையை நினைக்காமல் இப்போதெல்லாம் என்னால் தீபாவளி எண்ணெயைக் கையில் எடுக்க முடியவில்லை. விடியாத இருட்டில் எழுந்து, மிளகு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி, பிள்ளைகளை மணையில் உட்காரவைத்து உச்சியில் வைப்பது எங்கள் வீட்டில் மூத்த பெண்ணின் வேலை. மற்ற நாளில் சூரியன் உதிக்கும் முன் எண்ணெய் தேய்த்துக்கொண்டால் பாட்டி அடிக்க வருவாள். தமிழில் ‘தலைமுழுகு’ என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஓர் உறவை அறுத்துவிட்டவர்கள் அவனைத் தலைமுழுகிவிட்டோம் என்பார்கள்.

மாணவியின் கேள்விக்குத் திரும்புகிறேன். கண்ணன் ஏன் மணந்தான் என்பதற்கு நூல் சொல்லும் காரணம், அந்தப் பெண்களே மனத்தால் அவனை வரித்தார்கள் என்பது. கதாகாலட்சேபத்தில் வேறொரு காரணமும் கேட்டிருக்கிறேன். அந்நியன் வீட்டில் இருந்துவிட்டு வந்தவர்களை எந்தப் பிறந்தவீடு ஏற்கும்? பகவான் அவர்களுக்கு மானமான வாழ்வு கொடுத்தார். இந்த இரண்டாவது காரணத்தைக் கேட்கும்போது சபையே தலையாட்டும். பெண்களின் பெற்றோர்களைப் பற்றி அது சொல்வது என்ன என்று யாரும் யோசிப்பதில்லை.

இது பழங்கதை மட்டுமில்லை. 1947 பிரிவினையில் எல்லையின் இரு பக்கமும் பெண்கள் கடத்தப்பட்டார்கள். அவர்களை மீட்க 1949இல் இந்தியா ஒரு சட்டம் இயற்றியது. கடத்தப்பட்டவர் என்றால் யார் என்று அது வரையறுத்தது: 16 வயதுக்குட்பட்ட சிறுவன், அல்லது எந்த வயதுப் பெண்ணும். ஆண் பதினாறில் தன் முடிவைத் தானே எடுக்கலாம். பெண் எழுபதிலும் எடுக்க முடியாது. மாற்று மதத்தவர் வீட்டில் இருக்கும் பெண்ணைப் பிடியாணை இல்லாமலே போலீஸ் அழைத்துவரலாம். அவள் கடத்தப்பட்டவளா என்பதை ஒரு தீர்ப்பாயம் முடிவு செய்யும். போக விருப்பமா என்ற கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை. அதற்குள் சிலருக்குக் குழந்தைகள் பிறந்திருந்தன, சிலர் அந்த வாழ்க்கைக்குப் பழகியிருந்தார்கள், சிலருக்குத் திரும்பிப் போனால் வீட்டில் கதவு திறக்காது என்று தெரிந்திருந்தது. மீண்டுவந்த பெண்களை ஏற்றுக்கொள்ளும்படி குடும்பங்களைப் பார்த்துக் காந்தியும் நேருவும் வேண்டுகோள் விடுக்க வேண்டியிருந்தது. ஊர்வசி புட்டாலியாவும், ரித்து மேனனும் கமலா பாசினும் 1998இல் வெளியிட்ட நூல்களில் இந்தப் பெண்களின் குரல்கள் கொஞ்சம் கிடைக்கின்றன. மீட்பு என்ற சொல்லை இரண்டாவது கடத்தலாக அனுபவித்தவர்களின் குரல்களும் அவற்றில் உண்டு.

துவாரகைக்குப் போன பதினாறாயிரம் பேருக்கும் இரண்டாவது பயணம் இருந்தது. மகாபாரதத்தின் மௌசல பருவத்தில் யாதவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு சாகிறார்கள், கண்ணனும் போய்விடுகிறான். அர்ச்சுனன் வந்து பெண்களையும் குழந்தைகளையும் கிழவர்களையும் அழைத்துக்கொண்டு கிளம்புகிறான். ஐந்து ஆறுகள் ஓடும் நாட்டில் ஆபீரர்கள் தடிகளோடு மறிக்கிறார்கள். காண்டீவத்தை நாணேற்றவே அர்ச்சுனன் திணறுகிறான், அம்பு தீர்ந்துபோகிறது, அவன் கண்ணெதிரிலேயே பெண்களைக் கொண்டுபோகிறார்கள். நரகன் கொண்டுபோனபோது அசுரச் செயல், கண்ணன் கொண்டுபோனபோது கல்யாணம், மாடு மேய்ப்பவர்கள் கொண்டுபோனபோது கொள்ளை.

விஷ்ணு புராணம் இதற்குக் காரணமும் வைத்திருக்கிறது. முற்பிறவியில் இவர்கள் அப்சரஸ்கள். அஷ்டாவக்கிர முனிவர் புருஷோத்தமனே கணவனாகக் கிடைப்பான் என்று வரம் தந்தார்; பிறகு அவருடைய எட்டுக் கோணல் உடம்பைக் கண்டு சிரித்துவிட்டார்கள்; கள்வர் கையில் சிக்குவீர்கள் என்று சாபமும் தந்தார். மணந்ததும் முனிவர் வாக்கு, கடத்தப்பட்டதும் முனிவர் வாக்கு. சிரித்தது மட்டும் அவர்களுடையது. மகாபாரதத்தின் கடைசிப் பருவமோ வேறு முடிவு சொல்கிறது. பதினாறாயிரம் பேரும் சரஸ்வதி ஆற்றில் மூழ்கி வானுலகம் போனார்களாம். சத்தியபாமா தவம் செய்யக் காட்டுக்குப் போய்விட்டாள்.

விடுமுறை முடிந்து வந்ததும் அந்த மாணவியைத் துறை அறைக்குக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். மௌசல பருவத்தில் என்னை நிறுத்திய ஒரு வாக்கியத்தையும் காட்டினேன். ஆபீரர்கள் பெண்களை இழுத்துக்கொண்டு போனார்கள் என்ற வரியோடு ஒட்டி, வேறு சில பெண்கள் தங்கள் விருப்பப்படியே போனார்கள் என்று இருக்கிறது. காரணம் இல்லை, கண்டனமும் இல்லை, அடுத்த வரியில் கதை அர்ச்சுனனின் வருத்தத்துக்குப் போய்விடுகிறது.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். “எத்தனை பேர்னு போடலையே மேடம்” என்றாள்.

“போடலை.”

“யானையை மட்டும் எண்ணியிருக்காங்க.”