அம்பாசடரின் சத்தமும் அப்பாவின் காதும்

ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம் இது. ஆபீஸில் ஆணிகள் குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்த்திருப்பதால் கொசுவர்த்தியைக் கொஞ்சம் சுற்றுகிறேன்.

2004ல் கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து, லேக் மார்க்கெட் பக்கம் குடியேறியதும் நான் செய்த முதல் காரியம் 1984 மாடல் அம்பாசடர் மார்க் 4 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியது. "ஊரே மாருதி வாங்குது, உங்களுக்கு மட்டும் ஏன் இந்தப் புத்தி?" என்றார் தங்கமணி. காரணம் இருந்தது. எங்கப்பா திருநெல்வேலியில் அரசு ஆபீஸ் டிரைவர். 27 வருஷம் அம்பாசடர் ஓட்டியவர். அதில் ஒருநாள்கூட பின் சீட்டில் உட்கார்ந்து போனதில்லை. ஊரிலிருந்து அவரை வரவழைத்து, பின் சீட்டில் உட்கார வைத்து, பூரி வரைக்கும் அழைத்துப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை.

2006ல் அதற்கு நாள் குறித்தாயிற்று. அப்பாவுக்கு ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அவர் கிளம்ப பத்து நாள் இருக்கும்போது வண்டி படுத்த ஆரம்பித்தது. இன்ஜினிலிருந்து "டொக் டொக்" என்று கனமான ஒரு சத்தம், கூடவே "டிக் டிக்" என்று சன்னமாக இன்னொன்று. நிறுத்தும் இடத்தில் எண்ணெய்க் கறை. ரேடியேட்டரில் வாரம் இரண்டு முறை தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. பெரிய போர்டு வைத்த ஒரு கேரேஜில் காட்டினேன். ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு, "இன்ஜின் போச்சு. போர் பண்ணணும், கிராங்க் கிரைண்டிங் பண்ணணும், 18,000 ஆகும்" என்றார்கள்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். "ஏல, ஃபேன் பெல்ட்டக் கழட்டிட்டு ஒரு நிமிஷம் ஓட விட்டுப் பாரு. சத்தம் நின்னுட்டுன்னா வாட்டர் பம்புதான்" என்றார். "இங்க பெரிய கேரேஜ்லயே சொல்லிட்டாங்கப்பா" என்று வைத்துவிட்டேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் உறுத்தும்.

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம் சொன்னால்தான் மேற்கொண்டு நடந்தது புரியும்.

பி.எம். பிர்லாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942ல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கி, 1948ல் கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஹூக்ளிக் கரையில் உள்ள உத்தர்பாராவுக்கு வந்தது. அந்தத் தொழிற்சாலைக்காகவே ஹிந்த் மோட்டார் என்று ஒரு ரயில் நிலையமும் உண்டு. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் சீரிஸ் காரை வைத்து 1957ல் அம்பாசடர் பிறந்தது. 1959 வாக்கில் அதற்கு 1489 சிசி பி.எம்.சி. பி சீரிஸ் இன்ஜினைப் பொருத்தினார்கள். எம்ஜிஏ என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் ஓடியதும் இந்தக் குடும்பத்து இன்ஜின்தான் என்றால் யாரும் நம்புவதில்லை :-)

இங்கிலாந்து அந்த மூன்றாம் சீரிஸை 1959லேயே கைகழுவிவிட்டது. நாம் விடவில்லை. காரணம், லைசன்ஸ் ராஜ். இங்கேயே முழுசாகத் தயாரிக்கத் திட்டம் இல்லாத கம்பெனிகளுக்கு இடமில்லை என்றானதும் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1954க்குள் கடையைக் கட்டின. மிஞ்சியது உத்தர்பாராவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட், நம்ம மெட்ராஸின் ஸ்டாண்டர்ட். போட்டி இல்லை என்பதால் மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வரும்வரைக்கும் புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த தேசம் இது.

இதை எல்லாரும் கேலியாகத்தான் சொல்வார்கள். ஆனால் இதற்கு ஒரு பக்க விளைவு உண்டு. ஒரே இன்ஜின் 30 வருஷத்துக்கு மேல் நாடு முழுக்க ஓடியதால், அதன் ஒவ்வொரு முனகலும் நாகர்கோவில் மெக்கானிக்குக்கும் குவாஹாத்தி மெக்கானிக்குக்கும் ஒன்றுபோலப் பழக்கமானது. மேனுவல் படிக்காதவர்களும் காதாலேயே படித்தார்கள்.

அப்படி ஒருவரிடம்தான் ஆபீஸ் டிரைவர் என்னைக் கூட்டிப்போனார். பழைய பார்ட்ஸுக்குப் பேர்போன மல்லிக் பஜாரில், சந்துக்குள் ஒரு வயசான மிஸ்திரி. அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி வெளுப்பாக ஒட்டியிருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அப்படி எதுவும் இல்லை. அடுத்து சைலன்சர் புகை. நீலமாக வந்தால் எண்ணெய் எரிகிறது, கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம், இன்ஜின் சூடான பிறகும் அடர்ந்த வெள்ளையாக வந்தால் தண்ணீர். இதிலும் வண்டி பாஸ்.

கீழே எண்ணெய்க் கறையைக் காட்டினேன். சிரித்தார். இந்த இன்ஜினில் பின்பக்கம் கிராங்க் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் ரப்பர் சீல் கிடையாதாம். தண்டிலேயே மரை மாதிரி வெட்டியிருக்கும். சுற்றும்போது அது எண்ணெயை உள்ளே தள்ளும். நிறுத்தினால் நாலு சொட்டு விழத்தான் செய்யும். "நாலு சொட்டு பிறவிக் குணம் தாதா, நாற்பது சொட்டுதான் வியாதி" என்றார். உள்ளே காற்றழுத்தம் கூடினால்தான் அதிகம் ஒழுகும். மூச்சுவிடும் பிரீதர் குழாயைக் கழற்றினார். அழுக்கு அடைத்துக் கிடந்தது.

பிறகு நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை இன்ஜினில் அங்கங்கே தொட்டுக் கேட்டார். அந்த "டிக் டிக்" மேலே வால்வு மூடிப் பக்கம். இன்ஜின் வேகத்தில் பாதி வேகத்துக்கு அது அடித்தது. கேம் ஷாஃப்ட் கிராங்க்கின் பாதி வேகத்தில்தானே சுற்றும்? ஆகவே டாப்பெட் இடைவெளி. ஃபீலர் கேஜ் வைத்து சரிசெய்தால் போதும்.

மிச்சம் அந்த "டொக் டொக்". பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். பிக் எண்ட் பேரிங் போயிருந்தால், அந்த சிலிண்டரில் நெருப்பு நின்றதும் சத்தம் குறையும். நாலையும் பார்த்தாயிற்று, சத்தம் மாறவில்லை. "இன்ஜினுக்கு ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டு, ஸ்பேனரை எடுத்து ஃபேன் பெல்ட்டைக் கழற்றினார்.

ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். சத்தம் இல்லை.

வாட்டர் பம்ப் பேரிங். ஃபேனைக் கையால் அசைத்தால் ஆடியது. பம்புக்கு அடியில் இருந்த சின்ன ஓட்டையிலிருந்து துருப்பிடித்த தண்ணீர்க் கோடு இறங்கியிருந்தது. சத்தத்துக்கும் காணாமல் போன தண்ணீருக்கும் காரணம் ஒன்றேதான். அப்படியே பூரிக்குக் கிளம்பியிருந்தால், 500 கிலோமீட்டர் வழியில் எங்கேயாவது ஃபேன் கழன்று ரேடியேட்டரைக் கிழித்திருக்கும். பின் சீட்டில் அப்பாவும் என் நாலு வயசு மகளும் இருந்திருப்பார்கள். பம்ப் 650 ரூபாய், கூலி 300.

அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். "சரிய்யா, இனி பயமில்ல" என்றார். நான்தான் முன்னாலேயே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. 27 வருஷம் பின் சீட்டு ஆபீசர்களிடம் அப்படிச் சொல்லாமலே இருந்து பழகியவர். அந்த வரிசையில் நானும் போய் உட்கார்ந்துகொண்டது அப்போதுதான் உறைத்தது.

பூரி போனோம். பின் சீட்டில் உட்காரச் சொன்னேன். பத்து கிலோமீட்டரிலேயே "முன்னால வாரேன்யா, அங்க சத்தம் சரியாக் கேக்கல" என்று முன் சீட்டுக்கு வந்துவிட்டார். திரும்பி வந்ததும் உத்தர்பாராவுக்குக் கூட்டிப்போனேன். உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே ரொம்ப நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியை 2011ல் விற்றேன். உத்தர்பாராவில் 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. அம்பாசடர் என்ற பெயரை 2017ல் பியூஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. அப்பா இப்போது இல்லை.

இன்றைய என் காரில் கோளாறு வந்தால் மெக்கானிக் ஸ்கேனரைச் செருகி கோடு நம்பர் சொல்கிறார். நல்ல வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பம்ப் பேரிங் ஆடுவதைச் சொல்ல அந்தப் பெட்டியில் நம்பர் கிடையாது. எந்த வண்டியானாலும் சத்தம் எப்போது வருகிறது, எதைக் கழற்றினால் நிற்கிறது, கீழே சொட்டுவது என்ன நிறம் என்று நீங்களே பார்த்துவிட்டு கேரேஜுக்குப் போங்கள். அதற்கும் முன்னால், உங்கள் வீட்டில் வண்டி ஓட்டிய பெரியவர் யாராவது இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.