சிரிப்பும் கண்ணீரும் கலந்த காதல் நாவல்கள் – தமிழில் ஒரு சிறு வரலாறு

அம்பிகாபதி – அமராவதி, லைலா – மஜ்னு, தேவதாஸ் – பார்வதி... காதல் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வரும் ஜோடிகளில் முக்கால்வாசிப் பேர் சேராதவர்கள். காதல் கதை என்றால் கடைசிப் பக்கத்தில் யாராவது சாக வேண்டும் என்று ஒரு எழுதாத சட்டம் இருக்கிறதோ என்னவோ! ஆங்கிலத்தில் இதற்கு நேர் எதிராக, சிரிக்க வைத்துக்கொண்டே மனதைத் தொடும் காதல் நாவல்களுக்குப் புத்தகக் கடையில் தனி அலமாரியே உண்டு. 1813-ல் வந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' அதற்கெல்லாம் பாட்டி. அதன் கதைப்போக்கை வைத்தே 1996-ல் ஹெலன் ஃபீல்டிங் 'பிரிட்ஜெட் ஜோன்ஸ் டயரி' எழுதினார். இந்திய ஆங்கிலத்தில் அனுஜா சௌகானின் 'தி ஜோயா ஃபாக்டர்' 2008-லும், பஞ்சாபிப் பையன் தமிழ்ப் பெண்ணைக் கல்யாணம் செய்யப் படும் பாட்டைச் சொல்லும் சேத்தன் பகத்தின் '2 ஸ்டேட்ஸ்' 2009-லும் வந்தன.

தமிழில் அந்த அலமாரிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஆனால் சரக்கு இல்லாமல் இல்லை. சொல்லப்போனால் தமிழ் நாவலே அந்த வகையில்தான் தொடங்கியது.

தமிழின் முதல் நாவல் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1857-ல் எழுதப்பட்டு 1879-ல் அச்சானது. எழுதியவர் மாயவரத்தில் முன்சீப்பாக இருந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை. ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடையாக மட்டுமே தெரிந்த இந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. திறந்தால் ஆச்சரியம்தான். கதாநாயகன் பிரதாபன், கதாநாயகி ஞானாம்பாள். இருவரும் உறவுக்காரர்கள், சின்ன வயதிலிருந்தே பழக்கம். கல்யாணம் நடக்கவிடாமல் தடுப்பது விதியோ வில்லனோ அல்ல, இரண்டு அப்பாக்களின் வீம்பு! மாப்பிள்ளை எங்கள் வீட்டோடு இருக்க வேண்டும் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் முடியாது என்று முறுக்கிக்கொள்ள, கல்யாணமே நின்றுபோகிறது. ஒருவழியாகக் கல்யாணம் ஆகி, பிறகு பிரிந்து, பிரதாபன் வேற்றூர்ச் சிறையில் கிடக்கும்போது ஆண் வேடத்தில் தேடி வரும் ஞானாம்பாள் கழுத்தில் பட்டத்து யானை மாலை போட்டுவிடுகிறது. அவள் விக்கிரமபுரிக்கு ராஜாவாகிறாள். கணவனைச் சிறையிலிருந்து மீட்பது மனைவி!

வேதநாயகம் பிள்ளை பெண்கல்விக்காகத் தனியே ஒரு நூல் எழுதியவர். பெண்ணுக்குப் படிப்பு வந்தால் ராஜ்யம் ஆளலாம் என்று 1870-களில் நேராகச் சொன்னால் எத்தனை பேர் காதில் வாங்கியிருப்பார்கள்? யானையையும் மாலையையும் வைத்து வேடிக்கையாகச் சொன்னதால் வாசகன் சிரித்துக்கொண்டே தலையாட்டியிருப்பான்.

அடுத்து வந்த பெரிய நாவல் பி.ஆர். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் 1893 முதல் தொடராக வந்தது. அதில் வரும் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ் வாத்தியார் தமிழ் நாவலின் முதல் பெரிய நகைச்சுவைப் பாத்திரம் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் கதையின் அடியில் ஓடுவது வீண் அபவாதத்தால் சிதையும் ஒரு குடும்பத்தின் துக்கம். எழுதியவர் 1898-ல் இறந்தபோது வயது 26-தான்.

இந்த நாவலில் வரும் இளம் ஜோடியான ஸ்ரீநிவாசனும் லட்சுமியும் கல்யாணம் ஆன பிறகுதான் காதலிக்கிறார்கள். அன்றைக்கு வேறு வழியும் இல்லை. பத்து, பன்னிரண்டு வயதுக்குள் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிடும் வீடுகளில் 'காதலித்துக் கல்யாணம்' என்ற கதையை எங்கே கொண்டுபோய் வைப்பது? பெண்ணின் குறைந்தபட்ச மண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டம் 1929-ல் நிறைவேறி 1930-ல் அமலுக்கு வந்தது. பெண்கள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகத் தொடங்கினார்கள். கல்யாணமாகாத வயது வந்த பெண் என்று ஒருத்தி வீட்டில் இருந்தால்தானே கடிதம், எதிர்வீட்டு மாடி, டென்னிஸ் கோர்ட் எல்லாம் கதைக்குள் வரும்! தமிழில் காதல் நகைச்சுவை 1930-களில் திடீரென்று பூத்ததற்கு எழுத்தாளர்களின் திறமை பாதிக் காரணம் என்றால், மணவயது ஏறியது மீதிப் பாதி.

பூத்த இடம் ஆனந்த விகடன். 1928-ல் எஸ்.எஸ். வாசன் கைக்கு அந்தப் பத்திரிகை வந்தது. கல்கி அதன் ஆசிரியராக இருந்த காலத்தில் எஸ்.வி.வி. என்ற பெயர் பிரபலமானது. திருவண்ணாமலையில் வக்கீலாக இருந்த எஸ்.வி. விஜயராகவாச்சாரியார் 'ஹிந்து' பத்திரிகையில் ஆங்கிலத்தில் நகைச்சுவை எழுதிக்கொண்டிருந்தவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 1933-ல் விகடன் மூலம் தமிழுக்கு வந்தார். 'கோபாலன் ஐ.சி.எஸ்.', 'புது மாட்டுப்பெண்', 'ராமமூர்த்தி' என்று தலைப்பைக் கேட்டாலே அவருடைய உலகம் புரிந்துவிடும். மாப்பிள்ளைக்கு உத்தியோக மார்க்கெட்டில் என்ன விலை, மாமியார் முகம் எப்போது கோணும், புருஷன் பெண்டாட்டிச் சண்டையில் யார் முதலில் பேசுவது போன்ற சமாசாரங்கள்தான் அவர் பேசியதெல்லாம்.

அவருக்குப் பின் வந்த தேவன்தான் இந்த வகையின் நிஜமான மன்னர். இயற்பெயர் ஆர். மகாதேவன். 1913-ல் திருவிடைமருதூரில் பிறந்தவர். இருபத்தோரு வயதை ஒட்டி விகடனில் சேர்ந்து, 1942 முதல் 1957-ல் இறக்கும்வரை அதன் நிர்வாக ஆசிரியர். இன்றைக்குப் பலருக்கும் அவர் 'துப்பறியும் சாம்பு' எழுதியவர் மட்டுமே, அது கொஞ்சம் அநியாயம். அவருடைய 'மிஸ்டர் வேதாந்தம்' நாவலில் அப்பா இறந்து, சொத்தும் போய், சென்னைக்கு வந்து பத்திரிகை எழுத்தால் பிழைக்கப் பார்க்கும் இளைஞன்தான் நாயகன். வைதேகியைக் கைப்பிடிக்க வேண்டும் என்றால் முதலில் வேலை வேண்டும். திரும்பி வரும் கதைகள், கடன், பசி, கௌரவம் எல்லாவற்றையும் சொல்லும்போதும் தேவன் புன்னகையை விடுவதில்லை. 'ஸ்ரீமான் சுதர்சனம்' இன்னும் ஒரு படி மேல். குடும்பச் செலவைச் சமாளிக்க முடியாமல் ஆபீஸ் பணத்தில் கை வைத்துவிடும் சாதாரண குமாஸ்தாவின் கதை. படிப்பவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஆளின் பயம் படிப்பவனுக்கும் வந்துவிடும். 'கோமதியின் காதலன்' 1955-ல் பி. நீலகண்டன் இயக்கத்தில் டி.ஆர். ராமச்சந்திரன் நடிக்கப் படமாகவும் வந்தது.

இவ்வளவு எழுதியவர் தன் நாவல்கள் புத்தகமாக வந்ததைப் பார்க்கவே இல்லை. எல்லாம் அவர் மறைந்த பிறகு வந்தவை. வாரப் பத்திரிகைத் தொடர் என்பது வேர்க்கடலை மடித்துக் கொடுக்கும் காகிதமாகப் போய்விடும் சரக்கு என்றுதான் அன்றைக்கு எண்ணியிருக்கிறார்கள். விமர்சகர்களும் இவர்களை 'ஜனரஞ்சகம்' என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிட்டார்கள்.

ஆனால் அந்தத் தொடர் வடிவம்தான் இந்த நாவல்களைச் செதுக்கியது. ஒரு விகடனை வீட்டில் பாட்டி, அப்பா, பெண், பக்கத்து வீட்டு மாமி என்று எல்லோரும் படிப்பார்கள். மகள் காதலிப்பதை அப்பா முன்னால் வாசிக்க வேண்டும் என்றால் அதில் சிரிப்பு இருந்தாக வேண்டும். வரதட்சணைக் கொடுமையைக் கோபமாக எழுதினால் அப்பா பத்திரிகையை மூடிவிடுவார். வேடிக்கையாக எழுதினால் அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, 'நாமும் இப்படித்தானே கேட்டோம்' என்று இரண்டு நிமிஷமாவது யோசிப்பார். (வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-ல்தான் வந்தது என்பதை நினைவில் வைக்கவும்.)

அறுபதுகளில் இந்தச் சிரிப்பு நாவலை விட்டுச் சினிமாவுக்குக் குடிபோனது. 1964-ல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' வந்த பிறகு காதல் நகைச்சுவைக்கு ஜனங்கள் தியேட்டருக்குப் போகப் பழகிவிட்டார்கள். பத்திரிகைகளில் துப்பறியும் கதையும் குடும்பக் கதையும் தனித்தனியாகப் பிரிந்தன. ஜ.ரா. சுந்தரேசன் 'பாக்கியம் ராமசாமி' என்ற பெயரில் குமுதத்தில் எழுதிய அப்புசாமியும் சீதாப்பாட்டியும் ஒரு விதிவிலக்கு. மூக்குப்பொடி போடும் தாத்தாவும் இங்கிலீஷ் பேசும் பாட்டியும் ஓயாமல் சண்டை போட்டார்கள், அதுவும் ஒரு காதல் கதைதான். பிறகு ரமணிசந்திரன் நூற்றுக்கும் மேற்பட்ட காதல் நாவல்களை எழுதினார். நாயகனும் நாயகியும் முட்டிக்கொள்வதில் லேசான நகைச்சுவை உண்டு என்றாலும் எடை எல்லாம் உணர்ச்சிப் பக்கம்.

1980-களில் விகடனில் வந்த சுஜாதாவின் 'பிரிவோம் சந்திப்போம்' பழைய கலவையைத் திரும்பக் கொண்டுவந்தது. பாபநாசத்தில் ரகுபதி மதுமிதாவைச் சந்திக்கிறான். அவளுடைய வெகுளித்தனமும் அவனுடைய தவிப்பும் பக்கத்துக்குப் பக்கம் புன்னகைக்க வைக்கும். பிறகு அமெரிக்க மாப்பிள்ளை வருகிறான், சிரிப்பு நிற்கிறது. அமெரிக்காவில் நடக்கும் இரண்டாம் பாகம் மரணத்தில் முடியும். சிரிப்பில்லாமல் நேரே சோகத்தில் ஆரம்பித்திருந்தால் மதுமிதாவின் முடிவு அவ்வளவு வலித்திருக்காது. 2009-ல் 'ஆனந்த தாண்டவம்' என்று படமாக எடுத்தபோது அந்த முதல் பாகத்துக் குறும்பு திரையில் வரவில்லை.

சென்னை – கூடூர் ரயில் பாதையில் கும்மிடிப்பூண்டிக்கு அடுத்தது எளாவூர், பிறகு ஆரம்பாக்கம், அதைத் தாண்டினால் தடா, ஆந்திரா. இரண்டு மொழியும் புழங்கும் இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு ஒப்பீடு எளிதாகப் பிடிபடும். தெலுங்கில் மொக்கபாடி நரசிம்ம சாஸ்திரியின் 'பாரிஸ்டர் பார்வதீசம்' 1924-லேயே நகைச்சுவை நாவலுக்கு வழி போட்டது. அறுபதுகளில் யத்தனபூடி சுலோசனா ராணியின் 'செக்ரட்டரி' வேலைக்குப் போகும் பெண்ணின் காதலைச் சொல்லி ஒரு தலைமுறையையே படிக்க வைத்தது. அங்கேயும் காதலுக்குத் தடை பணமும் தன்மானமும்தான்.

இங்கேதான் ஒரு விஷயம் உறுத்துகிறது. மேலே சொன்ன கதைகளில் காதலுக்கு எது தடை என்று ஒரு பட்டியல் போட்டால் என்ன வரும்? அப்பாக்களின் வீம்பு, வேலையின்மை, மாமியார், வரதட்சணை, அமெரிக்க மாப்பிள்ளை. 'காதலிக்க நேரமில்லை'யில் கூடப் பணக்காரக் கிழவர் வேஷம் போட்டால் தீர்ந்துவிடும் தடைதான். சாதி? பிரதாபனும் ஞானாம்பாளும் ஒரே சாதி. எஸ்.வி.வி.யும் தேவனும் எழுதியது பெரும்பாலும் ஒரே அக்கிரகாரத்து, ஒரே மாம்பலம் – மயிலாப்பூர் உலகம். '2 ஸ்டேட்ஸ்' மாநிலம் தாண்டுகிறது, அதுவும் இரண்டு வசதியான குடும்பங்களுக்கு நடுவில். தடை எப்படியும் விலகிவிடும் என்ற தைரியம் வாசகனுக்கு இருந்தால்தான் அவனால் சிரிக்க முடியும். நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' (1977) ஏழைப் பட்டதாரி பணக்கார மாமனார் வீட்டில் படும் அவமானத்தைக் கிண்டலோடு சொன்னது. பிறகு 2002-ல் 'சொல்ல மறந்த கதை' என்று தங்கர் பச்சான் படமாக்கினார். அதிலும் சாதி ஒன்றுதான், வசதி மட்டும் வேறு.

2013 ஜூலையில் தருமபுரியில், சாதி மாறிக் கல்யாணம் செய்த இளவரசன் ரயில் பாதை ஓரம் இறந்து கிடந்தார். அதே வருடம் புத்தகமாக வந்த பெருமாள்முருகனின் 'பூக்குழி' அவருக்குத்தான் சமர்ப்பணம். சோடா கம்பெனியில் வேலை பார்க்கும் குமரேசன் வேற்றுச் சாதி சரோஜாவைக் கல்யாணம் செய்து ஊருக்குக் கூட்டி வரும் கதை. ஊர் தெரியாத புது மனைவி, கோபக்கார மாமியார் – இதே ஆட்களைத் தேவனிடம் கொடுத்திருந்தால் இருபது வாரம் சிரிக்க வைத்திருப்பார். பெருமாள்முருகனால் அப்படி எழுத முடியவில்லை, எழுதியிருந்தால் பொய்யாகவும் இருந்திருக்கும்.

அந்த இடத்தில் சிரிப்பை வைத்துப் பார்த்தது ஒரு சினிமா. 2018-ல் வந்த மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்'. திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் இங்கிலீஷ் புரியாமல் முழிக்கும் பரியன், அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஜோ, கூடவே யோகிபாபு. கல்யாண வீட்டுக் காட்சி வரும் வரை தியேட்டர் சிரிக்கிறது. அதற்கப்புறம் நடப்பது தெரிந்ததே. படம் ஜோடியைச் சேர்த்து வைப்பதில்லை, கொல்வதும் இல்லை. பெண்ணின் அப்பாவும் பரியனும் பேசிவிட்டுப் போன பிறகு இரண்டு டீ கிளாஸ்களும் நடுவில் ஒரு பூவும் மட்டும் திரையில் நிற்கின்றன.