யாரும் படிக்காத வெக்டர் கணிதம்

கல்லூரியில் முதலாண்டு பயிலும் மாணவர்களே, வெக்டர், பரிமாணம், அணிக்கோவை ஆகியவற்றை நீங்கள் சில வாரங்களில் கற்று முடித்துவிடுகிறீர்கள். இவற்றை ஒரே கணிதமாக இணைத்து முதன்முதலில் விரிவாக எழுதியவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். ஒரு பள்ளி ஆசிரியர். 1809ஆம் ஆண்டு பிரஷ்யாவின் ஸ்டெட்டின் நகரில் பிறந்த ஹெர்மன் கிராஸ்மன் என்பவரே அவர். அந்நகர் இன்று போலந்து நாட்டில் உள்ளது.

பெர்லினில் அவர் படித்தது சமயவியலும் தொன்மொழிகளும். கணிதம் வீட்டுச் சொத்து. தந்தை பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். செவ்வகத்தை இரு பக்கங்களின் பெருக்கற்பலனாகக் கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். பக்கங்களுக்கு நீளத்தோடு திசையும் உண்டென்று கொண்டால், இணைகரமும் ஒரு பெருக்கற்பலன்தானே என்று மகன் எண்ணினார்.

ஒரு தாளில் வரைந்து பாருங்கள். ஒரு வெக்டர் கிழக்கே 3, வடக்கே 1. மற்றொன்று கிழக்கே 1, வடக்கே 2. இரண்டையும் பெருக்க வேண்டும். ஒரே திசையை அதனாலேயே பெருக்கினால் பரப்பு அடைபடாது. ஆகவே விடை சுழி. பெருக்கும் வரிசையை மாற்றினால் குறி மாறும். இவ்விரு விதிகளே போதும். கிழக்கை வடக்கால் பெருக்க, 3×2 = 6. வடக்கைக் கிழக்கால் பெருக்க 1×1 = 1; வரிசை மாறியதால் அது −1. கூட்டினால் 5. இணைகரத்தின் பரப்பும் 5தான்! நீங்கள் மனப்பாடம் செய்த அணிக்கோவை விதி இதுவே. இரண்டாம் வெக்டர் கிழக்கே 6, வடக்கே 2 என்றிருந்தால் விடை சுழி. இரண்டும் ஒரே கோட்டில் கிடக்கின்றன.

1840இல் ஆசிரியர் தகுதித் தேர்வுக்காகக் கடல் ஏற்றவற்றம் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் இம்முறையைக் கையாண்டார். 1844இல் நூலாக்கினார். அதில் பரிமாணம் மூன்றோடு நிற்கவில்லை. எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம்.

நூலை மதிப்பிட வேண்டினார், மோபியஸ் மறுத்துவிட்டார். 1846இல் லைப்சிக் கழகம் ஒன்றின் பரிசு கிடைத்தது. போட்டியிட்டவர் அவர் ஒருவரே. மறு ஆண்டு பல்கலைக்கழகப் பதவி கோரியபோது, நல்ல கருத்துகள் குறையுள்ள வடிவில் உள்ளன என்று கும்மர் அறிக்கை தந்தார். பதவி கிடைக்கவில்லை. கும்மர் மீது முழுப் பழியும் போட எனக்கு மனம் வரவில்லை. கணிதத்தைத் தேடி வருபவனைத் தத்துவ விளக்கத்தில் நிறுத்தி வைக்கும் நூல் அது. 1864இல் விற்காத சுமார் 600 படிகள் கழிவுத்தாளாயின.

அதற்குள் அவர் நூலை முற்றிலும் மாற்றி எழுதியிருந்தார். 1862ஆம் ஆண்டிட்ட அப்பதிப்பில் 300 படிகள், சொந்தச் செலவு. மூன்று பரிமாண வெளியில் ஒரு புள்ளி வழியே செல்லும் இரு வேறு தளங்கள் ஏன் ஒரு கோட்டில் வெட்டுகின்றன? தளங்களின் பரிமாணம் 2+2. இரண்டும் சேர்ந்து நிரப்புவது 3. எஞ்சிய 1 வெட்டுக்கோடு. இந்த விதி எல்லாப் பரிமாணங்களுக்கும் பொருந்தும் என்று அதில் நிறுவினார். அதையும் யாரும் படிக்கவில்லை.

பிறகு அவர் வடமொழிப் பக்கம் திரும்பினார். அவருடைய ரிக்வேத அகராதி 1873 முதல் 1875 வரை வெளிவந்தது. 1876இல் டியூபிங்கன் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. அது மொழிப் பணிக்காக. மறு ஆண்டு மறைந்தார். 1888இல் இத்தாலியரான பியானோ, வெக்டர் வெளியின் அடிப்படை விதிகளைத் தெளிவாக எழுதி வெளியிட்டபோது, கிராஸ்மனின் நூலைப் பின்பற்றியதாகத் தலைப்புப் பக்கத்திலேயே அச்சிட்டார்.